அறுபடும் நேரம் வரை

பதனிக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால் என்ன ஆகும் என்று தென்காசிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்குள் அது கள்ளாகிவிடும். தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சுற்றி வயலும் தென்னையும்தான் கண்ணில் படும். கிழக்கே பாவூர்சத்திரம் தாண்டினால் பனைகள் தொடங்கிவிடும். வெயில் காலத்தில் தென்காசி–குற்றாலம் சாலையோரம் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதனி, பதனியாகவே நம் கைக்கு வந்து சேர்வதற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புதான். பாளையிலிருந்து சொட்டும் நீரின் காரத்தன்மையைக் கூட்டி, ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சை அதில் பெருகாதபடி அது தடுக்கிறது. தடுக்காவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். கள் இறக்குவதற்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அது சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது கள்ளை உண்டாக்கும் அந்த உயிர்.

கள்ளில் பாக்டீரியாக்களும் பலவகை ஈஸ்டுகளும் கலந்திருக்கும். நொதித்தல் முற்றும்போது மேலோங்குவது பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பேக்கரியில் பன் உப்புவதும் இதனால்தான். உலகத்து உயிரியல் ஆய்வகங்களில் மிக அதிகமாகத் தோண்டித் துருவப்பட்ட உயிர்களில் இது ஒன்று. மரபணுத் தொகுதி முழுவதும் முதன்முதலில் வாசிக்கப்பட்ட, உட்கரு உள்ள உயிரினமும் இதுதான்; அது நடந்தது 1996இல்.

நல்ல சாப்பாடும் 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ஈஸ்ட் செல் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகும். தாய்ச் செல்லின் ஓரத்தில் சின்ன மொட்டு ஒன்று கிளம்பும். அது பெருத்து மகள் செல்லாகிப் பிரியும். மாலையில் ஒரு செல் இருந்தால் பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய நூறு. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பிலேயே மொட்டைப் பார்க்கலாம். பார்க்க முடியாதது உள்ளே நடப்பது.

உள்ளே 16 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் எழுதப்பட்ட எழுத்துகள் மொத்தம் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம். டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 4 மில்லிமீட்டர் நீளம் வரும். செல்லின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. இந்த நெருக்கடிக்குள் ஒவ்வொரு பிரிவின்போதும் 16 குரோமோசோம்களும் நகலெடுக்கப்பட்டு 32 ஆகின்றன. பிறகு ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்க்கு, ஒன்று மகளுக்கு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் செல் திணறும். இயல்பான ஈஸ்டில் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் தொலைந்துபோவது லட்சம் பிரிவுகளுக்கு ஒரு முறை என்ற அளவில்தான் நடக்கிறது. நம் ஊர் ரேஷன் கடையில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செல்லுக்குக் கண் கிடையாது, எண்ணத் தெரியாது. 32 இழைகளில் எதற்கு எது சோடி என்று அதற்கு எப்படித் தெரியும்? அது தேடுவதே இல்லை. நகலெடுக்கும்போதே மூலத்தையும் நகலையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. பங்கு பிரிக்கும் கணம் வரும்வரை கட்டை அவிழ்ப்பதில்லை. கட்டியிருப்பதால்தான் சரியாகப் பிரிக்க முடிகிறது. கட்டுவது எது, அவிழ்ப்பது எது என்று கண்டுபிடிக்க மட்டும் இருபது ஆண்டுகள் ஆயின.

முதலில் தோன்றிய விடை எளிமையானது. டி.என்.ஏ. முறுக்கிய இரட்டை இழை. அதை நகலெடுத்தால் இரண்டு நகல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் கிடக்கும். அந்தப் பின்னலே பிணைப்பு, அதை விடுவிப்பதே பிரிவு என்று ஆண்ட்ரூ மர்ரேயும் ஜாக் ஷோஸ்டாக்கும் 1985இல் எழுதினார்கள். கேட்பதற்கு அழகாக இருந்தது. 1987இல் டக்ளஸ் கோஷ்லாண்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் அதைச் சோதித்தார்கள். ஈஸ்டுக்குள் வட்ட வடிவில் ஒரு குட்டிக் குரோமோசோமைப் புகுத்தி, பிரிவதற்குச் சற்று முன் செல்லை நிறுத்தி, வெளியே எடுத்துப் பார்த்தார்கள். நகல்கள் பின்னிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் அந்தச் செல்லை மீண்டும் ஓடவிட்டபோது அவை சரியாகவே பங்கு பிரிந்தன. அப்படியானால் பிடித்து வைத்திருந்தது வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் புரதம்.

எந்தப் புரதம் என்று கண்டுபிடிக்கும் வழியை ஹார்ட்வெல் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது, குளிரில் வாழ்ந்து சூட்டில் சாகும் ஈஸ்டுகளை. மரபணுவில் சின்னப் பிசகு நேர்ந்தால் அதன் புரதம் 25 டிகிரியில் வேலை செய்யும், 37 டிகிரியில் உருக்குலையும். அத்தகைய செல்லை 25இல் வளர்த்து, 37க்கு மாற்றி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அந்தப் புரதத்தின் வேலை தெரிந்துவிடும். உயிருக்கு அத்தியாவசியமான ஒன்றைக் கெடுத்தும் உயிரை வைத்திருக்கும் தந்திரம் இது. 2001இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடித்தளம் இந்த எளிய யோசனைதான் என்பது என் எண்ணம்.

வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் ஆய்வகம் இதையே தலைகீழாகப் பிடித்தது. முதலில் பிரிவு நடக்க முடியாதபடி செல்லின் வாசலை அடைத்தார்கள். அப்படி அடைத்த பிறகும் நகல்களைக் கைவிடும் ஈஸ்ட் எது என்று தேடினார்கள். குரோமோசோமின் ஓரிடத்தில் பச்சையாக ஒளிரும் புரதம் போய் ஒட்டும்படி செய்திருந்தார்கள். நகல்கள் சேர்ந்திருந்தால் மைக்ராஸ்கோப்பில் ஒரு பச்சைப் புள்ளி, விலகினால் இரண்டு. அடைத்த கதவுக்குள்ளும் இரண்டு புள்ளி காட்டிய ஈஸ்டில்தான் விடை இருந்தது. 1997இல் வியன்னாவிலிருந்தும், பால்டிமோரில் கோஷ்லாண்டின் குழுவிலிருந்தும் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இருவரும் பிடித்தது ஒரே புரதம். வியன்னாக்காரர்கள் எஸ்.சி.சி.1 என்றார்கள், பால்டிமோர்க்காரர்கள் எம்.சி.டி.1 என்றார்கள். ஈஸ்ட் ஆய்வாளர்கள் இன்றும் இந்த இரண்டு பெயரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புரதம் தனியாள் இல்லை. எஸ்.எம்.சி.1, எஸ்.எம்.சி.3, எஸ்.சி.சி.3 என்று இன்னும் மூன்று கூட்டாளிகள். நால்வரும் சேர்ந்த கூட்டுக்குப் பெயர் கோஹெசின்.

இதில் எஸ்.எம்.சி. புரதங்கள் இரண்டும் வினோதமானவை. நீளமான இரண்டு கைகள், ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர். ஒரு முனையில் இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கின்றன. மறுமுனைகள் விரிந்திருக்கின்றன. அந்த இரண்டு முனைகளையும் இணைத்து வாயை மூடுவது எஸ்.சி.சி.1. ஆக மொத்தம் ஒரு வளையம்! 2002இல் கிறிஸ்டியன் ஹேரிங்கும் நாஸ்மித்தும் இதைச் சொன்னபோது, அடுத்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது: டி.என்.ஏ. நகல்கள் இரண்டும் இந்த வளையத்துக்குள் இருக்கின்றன. வளையத்தின் உள்ளளவு சுமார் 40 நானோமீட்டர், டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான். தாராளமாக இடம் இருக்கிறது. பனையேறி இரு பாதங்களையும் சேர்த்து மாட்டும் தளைநார் காலோடு ஒட்டிக்கொள்வதில்லை; பாதங்கள் அதற்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அது இருக்கும்வரை கால்கள் ஓரளவுக்கு மேல் விலகாது. கோஹெசினின் பிடியும் இந்த வகைதான் என்றார்கள்.

சொல்வது சுலபம். நாற்பது நானோமீட்டர் வளையத்துக்குள் நூல் போகிறதா, அல்லது நூலோடு வளையம் வெறுமே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எப்படி நிரூபிப்பது? இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். டி.என்.ஏ.வும் வட்டமாக இருந்து, அது வளையத்துக்குள் கோத்திருந்தால், இரண்டில் எதை வெட்டினாலும் பிடி விட்டுப்போக வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் டி.என்.ஏ.வை வெட்டினாலும் ஒட்டு போகாது. 2005இல் திமித்ரி இவனோவும் நாஸ்மித்தும் ஈஸ்டிலிருந்து வட்டக் குட்டிக் குரோமோசோமைக் கோஹெசினோடு சேர்த்துப் பிரித்தெடுத்தார்கள். புரத வளையத்தை வெட்டினார்கள், குரோமோசோம் நழுவியது. இன்னொரு குழாயில் புரதத்தைத் தொடாமல் டி.என்.ஏ. வட்டத்தை மட்டும் வெட்டி நேர்க்கோடாக்கினார்கள், அப்போதும் நழுவியது.

2008இல் இன்னும் கறாரான சோதனை வந்தது. வளையத்தின் மூட்டுகளை வேதிப்பொருளால் நிரந்தரமாக இணைத்துவிட்டு, புரதங்களின் வடிவத்தையே கெடுக்கும் சோப்புப்பொருளில் போட்டுச் சூடாக்கினார்கள். சாதாரண ஒட்டு எதுவும் இதில் தப்பாது. நகல்கள் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பிரகாஷ் ஆறுமுகம். வளையம் டி.என்.ஏ.வில் ஏறுவதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் செலவாக வேண்டும் என்று காட்டிய 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவரே. பிறகு இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூரிலும் ஈஸ்டை வைத்தே ஆய்வைத் தொடர்ந்தவர். உலகத்தரமான அறிவியலில் நம்மவர் பெயர் வந்தால் விண்வெளியோ கணினியோ என்றுதான் நம் பத்திரிகைகள் தேடுகின்றன. இந்த மாதிரிப் பெயர்கள் கண்ணில் படுவதேயில்லை.

ஒரே வளையத்துக்குள் இரண்டு நகல்களா, அல்லது இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு நகலை வைத்திருக்கின்றனவா என்ற தகராறு வெகுகாலம் ஓடியது. கோஷ்லாண்டின் பக்கம் இரண்டாவதை நோக்கிச் சாய்ந்தது. குட்டிக் குரோமோசோம்களைப் பொறுத்தவரை, 2008 சோதனைக்குப் பிறகு முதல் விடையின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பேன்.

வளையம் இருந்தால் போதாது, அது மாட்டப்படும் நேரமும் முக்கியம். 1998இல் ஃபிராங்க் உல்மான் ஒரு தந்திரம் செய்தார். டி.என்.ஏ. நகலெடுப்பு முடியும்வரை எஸ்.சி.சி.1 இல்லாமல் வைத்திருந்து, முடிந்த பிறகு தாராளமாகக் கொடுத்தார். வளையங்கள் குரோமோசோமில் ஏறத்தான் செய்தன. ஆனால் நகல்கள் சேரவில்லை. நகலெடுக்கும் இயந்திரம் கடந்துபோகும் அந்தச் சமயத்திலேயே கட்ட வேண்டும். தவறவிட்டால் பிறகு எத்தனை வளையம் போட்டாலும் பயனில்லை. ஈ.சி.ஓ.1 என்ற நொதி, நகலெடுப்பின்போது எஸ்.எம்.சி.3 மேல் ஒரு சின்ன வேதி முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை விழுந்த வளையம் திறக்காமல் நிலைக்கிறது. முத்திரை என்ன என்பது தெரிந்தது 2008இல். உல்மானின் இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் கருமுட்டைக்குப் போகும்போது இது நமக்குத் தேவைப்படும்.

இப்போது அவிழ்க்கும் கதை. கட்டிய நகல்களைச் செல்லின் இரு துருவங்களிலிருந்தும் வரும் கதிர்க்கோல் இழைகள் பற்றுகின்றன. ஈஸ்டில் ஒரு நகலின் சென்ட்ரோமியருக்கு, அதாவது இழை பற்றும் இடத்துக்கு, ஓர் இழைதான். இரு பக்கமிருந்தும் இழுக்கும்போது, நடுவில் கோஹெசின் பிடித்திருப்பதால் விறைப்பு உண்டாகிறது. சோடியின் இரண்டு நகல்களையும் ஒரே பக்கத்து இழைகள் பற்றிவிட்டால் விறைப்பு இருக்காது. அந்தத் தவறான பிடியைச் செல் விட்டுவிட்டு மறுபடி முயலும். கட்டு இல்லையென்றால் இழுவையில் விறைப்பே வராது. சரியாகப் பிடித்தோமா என்று செல்லால் அறியவும் முடியாது. சென்ட்ரோமியரைச் சுற்றி வளையங்கள் அடர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பதினாறு சோடிகளில் ஒன்றே ஒன்று இன்னும் சரியாகப் பற்றப்படவில்லை என்றாலும் எல்லாமே காத்திருக்க வேண்டும். அந்தக் காவலுக்கான மரபணுக்களையும் 1991இல் ஈஸ்டில்தான் கண்டுபிடித்தார்கள். கடைசிச் சோடியும் சரியானதும் காவல் தளர்கிறது. செக்யூரின் என்ற புரதம் சிதைக்கப்படுகிறது. அதுவரை செக்யூரினின் பிடியில் அடங்கிக் கிடந்த செப்பரேஸ் என்ற நொதி விடுபடுகிறது. அது போய் எஸ்.சி.சி.1ஐ வெட்டுகிறது. வளையத்தின் வாய் திறக்கிறது. சில நிமிடங்களில் எல்லாச் சோடிகளும் பிரிந்து துருவங்களுக்கு ஓடுகின்றன.

செப்பரேஸ் வெட்டுகிறது என்று 1999இல் காட்டினார்கள். சந்தேகப்படுபவர் கேட்பார்: வெட்டுவது ஒன்றே போதுமா, அதோடு வேறு ஏதேனும் நடக்க வேண்டுமா? மறு ஆண்டே உல்மானும் நாஸ்மித்தும் பதில் வைத்திருந்தார்கள். புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸில் புரதம் வெட்டும் நொதி ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு எழுத்துத் தொடரைக் கண்டால் மட்டுமே வெட்டும். அந்தத் தொடரை ஈஸ்டின் எஸ்.சி.சி.1க்குள் செருகினார்கள். செல்லைப் பிரிவதற்குச் சற்று முன் நிறுத்தினார்கள். செப்பரேஸ் அடைபட்டே இருந்தது. பிறகு காலக்டோஸ் சர்க்கரையைக் கொடுத்தார்கள். வைரஸ் நொதியின் மரபணுவைக் காலக்டோஸ் கிடைத்தால் மட்டும் விழிக்கும்படி அமைத்திருந்தார்கள். நொதி உண்டானது, வளையத்தை வெட்டியது, குரோமோசோம்கள் துருவங்களுக்குப் பறந்தன. ஈஸ்டுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத, புகையிலை நோய்க் கிருமியின் நொதி ஒன்று ஈஸ்டின் வாழ்க்கையில் மிகப் பெரிய நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தது. இதைவிடத் தெளிவான சோதனை செல் உயிரியலில் எத்தனை இருக்கும் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு ஒன்று இருந்தால் அதை ஓசியில் அனுபவிக்க ஒருவன் வராமல் இருப்பானா? வந்தான். இந்த ஈஸ்டின் பெரும்பாலான வகைகளுக்குள் ‘2 மைக்ரான்’ என்ற வட்ட டி.என்.ஏ. ஒன்று குடியிருக்கிறது. சுமார் 6,300 எழுத்து நீளம். ஒரு செல்லுக்கு 40 முதல் 60 பிரதி. ஈஸ்டுக்கு இதனால் ஒரு நன்மையும் தெரியவில்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதற்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் வைத்திருக்கிறது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தொலையாமல் வருகிறது. ஏறக்குறைய குரோமோசோம்களுக்கு நிகரான கட்டுப்பாட்டோடு.

எப்படி? அமெரிக்காவின் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மக்குனி ஜெயராமின் ஆய்வகம் இதையே பல ஆண்டுகள் துரத்தியது. 2002இல் ஸ்வேதல் மேத்தா, சௌந்தரபாண்டியன் வேல்முருகன், ஜெயராம் ஆகியோர் பங்கேற்ற கட்டுரை ஒன்று வந்தது. தலைப்பிலேயே திருட்டைக் குறிக்கும் வினைச்சொல் இருக்கும். 2 மைக்ரான் வட்டம், ரெப்1, ரெப்2 என்ற தன் இரு புரதங்களைத் தன் உடலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார வைத்து, அங்கே ஈஸ்டின் கோஹெசினை வரவழைக்கிறது. ரெப் புரதங்கள் இல்லாவிட்டால் கோஹெசின் வருவதில்லை. குரோமோசோம்களின் கட்டு அறுக்கப்படும் அதே நேரத்தில் இதன் கட்டும் அறுக்கப்பட்டு, இதன் பிரதிகளும் இரு பக்கமும் போய்ச் சேர்கின்றன. கதிர்க்கோல் இழைகளைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் குரோமோசோமில் கோஹெசின் ஏறுவது நிற்பதில்லை, 2 மைக்ரானில் மட்டும் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரனும் ஒட்டுண்ணியும் ஒரே பொருளை வெவ்வேறு வழியில் பெறுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிந்தது.

அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சந்தனு குமார் கோஷ் 2010இல், வட்டத்தின் நகல்களும் கோஹெசின் வளையத்தால் தழுவப்பட்டே இருக்கின்றன என்று காட்டினார். இப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் ஈஸ்ட் குரோமோசோம் ஆய்வுதான் அவருக்கு வேலை. இந்த ஒட்டுண்ணி குரோமோசோம்களின் மேலேயே தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது என்ற எண்ணமும் பிற்பாடு வலுத்தது. ஒன்றுக்கும் உதவாத வட்டத்தைத் துரத்தி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த வட்டத்திடமிருந்து கிடைத்த எஃப்.எல்.பி. என்ற நொதி, ஈக்களிலும் எலிகளிலும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் கருவியாக இன்று உலகமெங்கும் பயன்படுகிறது.

ஈஸ்டுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை பிரிந்துபோய் நூறு கோடி ஆண்டு ஆகியிருக்கும். வளையம் மட்டும் மாறவில்லை. மனிதச் செல்லிலும் அதே எஸ்.எம்.சி. சோடி. வாயை மூடும் புரதத்துக்கு மட்டும் வேறு பெயர், ராட்21. அந்தப் பெயர் கோஹெசின் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்து வருடம் முன்பே வந்தது. கலிஃபோர்னியாவில் சுரேஷ் சுப்பிரமணியின் ஆய்வகம் இன்னொரு வகை ஈஸ்டில், கதிர்வீச்சால் அறுந்த டி.என்.ஏ.வைச் செப்பனிட முடியாத வகைகளைத் தேடியபோது 1992இல் பிடித்த மரபணு அது. அறுந்த இழையைச் செப்பனிட வேண்டுமானால் அதன் நகல் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். அதனால் அந்த மரபணு அங்கே வந்து மாட்டியது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

மனிதரில் இந்த வளையம் வேறு வேலைகளும் பார்க்கிறது, டி.என்.ஏ.வை இழுத்து மடித்து, எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்பதில் தலையிடுகிறது. வளையத்தை ஏற்றிவிடும் புரதத்தில் பிசகு இருந்தால் கார்னேலியா டி லாங்கே என்ற பிறவிக் கோளாறு வரும். சில புற்றுநோய்க் கட்டிகளில் வளையத்தின் உறுப்பு ஒன்று பழுதாகியிருக்கும். இவற்றை விரித்தால் வேறொரு கட்டுரை வேண்டும்.

நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது கருமுட்டை. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே, அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. டி.என்.ஏ. நகலெடுப்பு அப்போதே முடிகிறது. வளையங்களும் அப்போதே மாட்டப்படுகின்றன. பிறகு பிரிவு பாதியில் நின்றுவிடும். அந்த முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் பிரிவு மீண்டும் தொடங்கும். அது பதினைந்து வருடம் கழித்தும் இருக்கலாம், நாற்பது வருடம் கழித்தும் இருக்கலாம். அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிறப்பதற்கு முன் மாட்டிய அந்த வளையங்கள்தான்.

இடையில் புது வளையம் போட முடியாதா? உல்மானின் ஈஸ்ட் சோதனை முடியாது என்று சொன்னது. 2010இல் கிகுவே தச்சிபானாவும் நாஸ்மித்தும் சுண்டெலியில் சோதித்தார்கள். புகையிலை வைரஸின் அதே நொதியைக் கருமுட்டைக்குள் செலுத்திப் பழைய வளையங்களை வெட்டினார்கள். எலி பிறந்த பிறகு, அந்த நொதியால் வெட்டுப்படாத புது வகை வளையப் புரதத்தை முட்டைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பழைய கட்டுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. வேறு ஆய்வகங்களும் அதே காலத்தில், வயதான எலிகளின் முட்டைகளில் வளையங்கள் கணிசமாகக் குறைந்திருப்பதைக் கண்டன. வளையம் குறைந்தால் குரோமோசோம்கள் நேரத்துக்கு முன்பே விலகும், பங்கு பிசகும். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் சிண்ட்ரோம். மூன்றாவது 21ஆம் குரோமோசோமோடு பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அந்தக் கூடுதல் குரோமோசோம் கருமுட்டை வழியாகவே வந்திருக்கும். தாயின் வயது 25 என்றால் சுமார் 1,200 பிறப்புக்கு ஒன்று. 35இல் சுமார் 350க்கு ஒன்று. 40இல் சுமார் 100க்கு ஒன்று. வளையம் தேய்வது மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. முக்கியமான காரணங்களில் அது ஒன்று.

அப்படி ஒரு குழந்தை பிறந்தால் கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்தாள், பப்பாளி தின்றாள், சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று தாயைக் குத்திக் காட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. மாமியார் மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். கருவுற்ற பிறகு அவள் செய்த எதற்கும் இதில் பங்கில்லை. பிசகு பெரும்பாலும் கரு உண்டாகும் முன்பே முட்டையில் நடந்துவிட்டது; முட்டையின் வளையம் மாட்டப்பட்டபோது அவளே பிறந்திருக்கவில்லை.

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்தால் வாய்ப்பு அதிகமா குறைவா என்று கணிக்கலாம். அதில் சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த வேறு சோதனைகள் உண்டு. முப்பத்தைந்து தாண்டியவர்களுக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். இளம் வயதில் ஆபத்து குறைவு என்றாலும் நம் நாட்டில் பிள்ளை பெறுவோரில் பெரும்பாலோர் இளம் வயதினரே. அதனால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிலும் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். வயது எதுவானாலும் மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.